டைமிங் பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது?

பம்ப்செட்டும் அரவை மில்லும் இல்லாத ஊர் டெல்டாவில் கிடையாது. அதனால் பெல்ட் விஷயம் இங்கே எல்லோருக்கும் கைவந்த வேலை. நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள், அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் மோட்டாரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இறுக்குவார்கள். வழுக்கினால் எதையாவது தடவுவார்கள். காரின் ஃபேன் பெல்ட் வரைக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரிதான். கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோகும் டைமிங் பெல்ட்டில் இதே கைப்பழக்கத்தைக் காட்டினால்தான், வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வருகிறது.

மில் பெல்ட்டும் ஃபேன் பெல்ட்டும் உராய்வால் இழுப்பவை. இறுக்கம் இருந்தால்தான் பிடிப்பு. டைமிங் பெல்ட்டுக்குப் பல் இருக்கிறது, பல்லால்தான் இழுக்கிறது. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: புல்லியின் பள்ளத்திலிருந்து பல் மேலேறி வராத அளவுக்குத் தொய்வில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றுகிற இறுக்கம் முழுவதும் பெல்ட்டை அழுத்தித் தொய்வை எடுக்கும் உருளையான டென்ஷனரின் பேரிங் மேலும் கேம் ஷாஃப்ட்டின் முன்பக்கத் தாங்கியின் மேலும்தான் விழும். ஆகவே "எவ்வளவு இறுக்கணும்?" என்பதைவிட "தொய்வு எந்தப் பக்கம் நிற்கும்போது டென்ஷனரைப் பூட்டணும்?" என்று கேட்பதுதான் சரி. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா வேலையும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் உங்கள் வண்டியில் பெல்ட்தானா என்று பாருங்கள். 1.2 பெட்ரோல், 1.3 டீசல் ஸ்விஃப்ட், டிசையர், ஆல்டோ கே10, கே10 என்ஜின் வந்த வேகன் ஆர் இவற்றிலெல்லாம் செயின். இந்தக் கட்டுரைக்கு அங்கே வேலை இல்லை. பழைய மாருதி 800, ஓம்னி, 796 சி.சி. ஆல்டோ, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல், 1.5 டீசல் டஸ்டர், 2.5 டீசல் இன்னோவா ஆகியவற்றில் பெல்ட். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் அதுவும் ஓம்னியும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிதாகக் கற்பவர் கைவைக்க ஏற்ற என்ஜினும் அதுதான். அதனால் கீழே சொல்லும் முறை அந்த மூன்று சிலிண்டர் மாருதி என்ஜினை வைத்தது, ஸ்பிரிங் டென்ஷனர் உள்ளது. மற்ற வகைகளைப் பற்றிப் பின்னால் சுருக்கமாக.

தொய்வு ஏன் வந்தது?

பெல்ட் தளர்ந்துவிட்டது, இறுக்கிக் கொடுங்கள் என்று வண்டி வந்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். டைமிங் பெல்ட் நீளாது. ரப்பருக்குள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. சைக்கிள் செயின் மாதிரி நாளாக ஆக நீண்டுகொண்டே போகிற பொருள் அல்ல அது. ஓடிய பெல்ட் தொய்ந்திருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. டென்ஷனர் பேரிங் தேய்ந்து ஆடும். ஸ்பிரிங் துருப்பிடித்து வலுவிழந்திருக்கும், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும். கேம் சீலோ கிராங்க் சீலோ கசிந்து பெல்ட் ஆயிலில் ஊறியிருக்கும். பல்லின் மேலுள்ள துணி தேய்ந்து பல் மெலிந்திருக்கும். இல்லையென்றால் முன்னால் வேலை பார்த்தவர் தொய்வைத் தவறான பக்கத்தில் விட்டுப் பூட்டியிருப்பார்.

கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான் டென்ஷனை மறுபடி வைப்பது மருந்து. மற்ற எல்லாவற்றுக்கும் பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத பெல்ட்டை இறுக்கி அனுப்புவது உதவி அல்ல, பழியை நம் தலையில் ஏற்றிக்கொள்வது.

டெல்டாவுக்கே உரிய சில காரணங்களும் உண்டு. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானால் எலிகளுக்கு இடமில்லை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் காரின் பெல்ட் கவர் அவற்றுக்கு நல்ல வீடு. தை, மாசியில் கவரைத் திறந்தால் உள்ளே வைக்கோல் துணுக்கு, எலிப் புழுக்கை, பெல்ட்டின் ஓரத்தில் பல் பட்ட தடம் எல்லாம் இருக்கும். ஓரம் கடிபட்ட பெல்ட் வெளிப்பார்வைக்கு முழுசாகத் தெரிந்தாலும் உள்கயிறு அறுந்திருந்தால் அது கழிவுதான். சாலையில் நெல் காயும்போது அதன் மேல் ஓட்டிப் போகும் வண்டிகளில் உமியும் நெல்லும் அடிக் கவர் வழியாக ஏறும். கவரில் ஒரு போல்ட் இல்லாவிட்டாலும் போதும். பல்லுக்கும் புல்லிக்கும் நடுவே சிக்கும் சின்னக் கல்லுக்கு ஒரு பல் தாண்ட வைக்கும் வல்லமை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துச் சாலையில் ஓடும் சேற்றுத் தண்ணீரில் இறங்கி வந்த வண்டியிலும் அடிக் கவரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

வேண்டியவை

10, 12, 14, 17 அளவு சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும், நீளமான எக்ஸ்டென்ஷன், பிளக் ஸ்பேனர், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ், நல்ல டார்ச் விளக்கு, சின்னக் கண்ணாடி, ஒயிட்னர் பேனா, கந்தைத் துணி. ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டும் வேண்டும். டெல்டா மண் இளகல். மழைக்காலத்தில் வாசலில் ஜாக்கி போட்டால் அடியில் பலகை வைத்தாலும் சாயும். சிமெண்ட் தளம் இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

டார்க் ரெஞ்ச் வாங்க யோசிப்பவர்கள் பலர். இந்த வேலையில் அதுதான் முக்கியம். 6 மி.மீ. போல்ட்டுக்குச் சாதாரணமாக 10 நியூட்டன் மீட்டர் அளவும் 8 மி.மீ. போல்ட்டுக்கு 25 அளவும்தான் வரும். உங்கள் என்ஜினுக்குரிய சரியான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். கைக்கணக்கில் இறுக்குகிறவர்கள் 8 மி.மீ. போல்ட்டுக்கு இதில் இருமடங்கு கொடுத்து அலுமினியத்தில் உள்ள மரையை உரித்துவிடுகிறார்கள்.

பெல்ட் மாற்றுவதாக இருந்தால் டென்ஷனர், ஸ்பிரிங், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் கூடவே வாங்கிவிடுங்கள். கடையிலேயே பழைய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணுங்கள், அகலத்தையும் பல்லின் வடிவத்தையும் பாருங்கள். வட்டப் பல்லும் சதுரப் பல்லும் ஒரே எண்ணிக்கையில் வரும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. வாங்கி வரும்போது பெல்ட்டை மடித்து டேங்க் கவரில் திணிக்காதீர்கள். ஒரு அங்குல ஆரத்துக்குள் மடக்கினாலோ உள்வெளியாகத் திருப்பினாலோ உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடியும். ஒடிந்தது கண்ணுக்குத் தெரியாது, பத்தாயிரம் கிலோமீட்டரில் தெரியும்.

என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்

பிளாக்கும் ஹெட்டும் சூட்டில் விரியும். கிராங்க்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் கூடும், அதனால் சூட்டில் பெல்ட் தானாகவே இறுகும். சூடான என்ஜினில் வைத்த டென்ஷன் மறுநாள் காலை குளிர்ந்ததும் தொய்ந்து நிற்கும். சித்திரை, வைகாசி மதியத்தில் வெயிலில் நின்ற வண்டியை "ஓடவே இல்லையே, குளிர்ந்துதான் இருக்கு" என்று நினைக்க வேண்டாம். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், புரியும். இரவு முழுவதும் நிழலில் நின்ற வண்டியில் காலை எட்டு மணிக்கு முன் வேலையைத் தொடங்குவதே நல்லது.

திறப்பது

பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் இறங்கியிருக்கும்போது யாராவது ஒரு தடவை செல்ஃப் அடித்தால் போதும், வேலை வேறு வேலையாகிவிடும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

800-இலும் ஆல்டோவிலும் பெல்ட் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றினால் கை போக வழி கிடைக்கும். ஓம்னியில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கி மேலிருந்து கொஞ்சம், வண்டிக்கு அடியிலிருந்து கொஞ்சம் என்று வேலை பார்க்க வேண்டும். கார்க்காரர்களைவிட ஓம்னிக்காரர்களுக்கு இரண்டு மணி நேரம் கூடும்.

ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி எடுங்கள். கிராங்க்கின் வெளிப்புல்லியைச் சுற்றியிருக்கும் சின்ன போல்ட்டுகளை மட்டும் கழற்றினால் அந்தப் புல்லி வந்துவிடும். நடுவில் உள்ள பெரிய போல்ட்டை அவிழ்க்க வேண்டாம், கிராங்க்கைத் திருப்ப அதுதான் பிடி. பிறகு கவர் போல்ட்டுகள். எல்லாம் ஒரே நீளம் இருக்காது, எந்த ஓட்டையில் எது இருந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். கடைசியாக மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் இருந்தால் கம்ப்ரஷன் எதிர்த்துத் தள்ளும், கிராங்க் நின்ற இடத்தில் நிற்காது.

குறி பார்ப்பது

17 சாக்கெட்டை நடு போல்ட்டில் போட்டு, பெல்ட் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் கிராங்க்கை மெதுவாகத் திருப்புங்கள். எதிர்த்திசையில் வேண்டாம். கேம் புல்லியின் போல்ட்டைப் பிடித்தும் திருப்பக் கூடாது. கிராங்க்கின் பல் புல்லியில் ஒரு சின்னக் குழி இருக்கும். அது ஆயில் பம்ப் மேலுள்ள அம்புக்குறிக்கு நேராக வர வேண்டும். அதே சமயம் கேம் புல்லியின் குறி, மேலே உள்ள 'வி' வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒன்று சுற்றும். கீழ்க்குறி சேர்ந்து மேல்குறி எதிர்ப்பக்கம் போயிருந்தால் பதற வேண்டாம், இன்னும் ஒரு சுற்று.

குறி பார்க்கும்போது கண் புல்லிக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். மேலிருந்து சாய்த்துப் பார்த்தால் அரைப் பல் தள்ளித்தான் தெரியும். கீழ்க்குறியைப் பெரும்பாலும் நேராகப் பார்க்க முடியாது, அதற்குத்தான் கண்ணாடியும் டார்ச்சும். குழியில் கிரீஸும் சேறும் அடைத்திருக்கும். துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்துத் துடைத்துவிட்டு ஒயிட்னர் வைத்தால் பளிச்சென்று தெரியும். பெல்ட்டின் மேல் பெட்ரோல் படக் கூடாது. பழைய பெல்ட்டின் பல்லிலும் புல்லியிலும் ஒயிட்னர் கோடு போட்டுப் புதிய பெல்ட்டுக்கு எண்ணி மாற்றுகிற பழக்கம் ஒன்று உண்டு. துணைக்கு நல்லது. ஆனால் பழைய பெல்ட்டே ஒரு பல் தள்ளி ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கோடு தவறைத்தான் பிரதி எடுக்கும். கம்பெனிக் குறிதான் சாட்சி.

ஒரு பல் என்றால் எவ்வளவு? கிராங்க் புல்லியில் 20 பல் இருந்தால் 360-ஐ 20-ஆல் வகுங்கள்: 18 டிகிரி. வால்வு திறக்கும் நேரம் கிராங்க் கணக்கில் அவ்வளவு தள்ளிப்போகும். வண்டி ஓடும், இழுக்காது.

டென்ஷன் வைப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய கட்டம் இது.

கிராங்க் கடிகாரத் திசையில் சுற்றும்போது பெல்ட்டின் ஒரு பக்கத்தைக் கீழே இழுக்கிறது. பெல்ட்டை நேருக்கு நேர் பார்த்து நின்றால் அது உங்கள் வலப்பக்கம். அதை இழுபக்கம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே துளித் தொய்வும் இருக்கக் கூடாது. பெல்ட்டின் முழுத் தொய்வும் எதிர்ப்பக்கத்தில், டென்ஷனர் இருக்கும் பக்கத்தில், வந்து சேர வேண்டும். அங்கே வந்து சேர்ந்த தொய்வை மட்டும்தான் டென்ஷனரால் எடுக்க முடியும். இழுபக்கத்தில் தொய்வை மிச்சம் வைத்து டென்ஷனரைப் பூட்டினால், கையால் பார்க்கும்போது டென்ஷனர் பக்கம் கல் மாதிரி இருக்கும். ஸ்டார்ட் செய்த முதல் நொடியிலேயே அந்த மிச்சத் தொய்வு இந்தப் பக்கம் ஓடி வந்து பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். "நேற்றுத்தான் டைட் வைத்தேன், இன்றைக்கு லூசாகிவிட்டது" என்பதன் ரகசியம் இதுதான்.

இதற்குத் தடையாக இருப்பது வால்வு ஸ்பிரிங். அமுங்கிய வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளும். கேம் தானாகக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ உருளும், உருளும்போது தொய்வைத் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றும். அதனால் 800, ஓம்னி என்ஜினில் ஹெட் கவரைத் திறந்து, வால்வுகளை அமுக்கும் ஆறு ராக்கர் ஸ்க்ரூக்களின் லாக் நட்டையும் தளர்த்தி, ஸ்க்ரூவை நன்றாகப் பின்வாங்கிவிடுங்கள். இப்போது கேம் புல்லியைக் கையால் ஆட்டினால் லேசாகச் சுற்றும். பலர் தவிர்க்கிற படி இது, ஏனென்றால் கடைசியில் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, மறுபடி வைக்க வேண்டும். அரை மணி நேர வேலை. தவிர்ப்பதாக இருந்தால் கீழே சொல்லும் இரண்டு சுற்றை இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

டென்ஷனரின் போல்ட்டும் ஸ்டட் நட்டும் விரலால் திருகிய அளவில் மட்டும் இருக்கட்டும். டென்ஷனரை விரலால் தள்ளி விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் இழுத்து 'டக்'கென்று திரும்பி வர வேண்டும். பாதியில் தயங்கினால் பின்தகட்டில் துருவோ சேறோ இருக்கிறது, அல்லது தகட்டின் முளை டென்ஷனரின் ஓட்டையில் சரியாக உட்காரவில்லை. ஸ்பிரிங்கின் மேலிருக்கும் ரப்பர் உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது போனால் ஸ்பிரிங் அதிர்ந்து கொக்கியில் ஒடியும்.

பெல்ட்டைப் போடும் வரிசை இது. டென்ஷனரை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முதலில் கிராங்க் புல்லியில் மாட்டுங்கள். இழுபக்கத்தைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தபடியே கேம் புல்லியில் ஏற்றுங்கள். பல் பள்ளத்துக்கு நேராக வராவிட்டால் கேமை மயிரிழை திருப்பிக்கொள்ளலாம், பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பக் கூடாது. கடைசியாக டென்ஷனருக்கு அடியில் விட்டு, விரலை எடுங்கள். பழைய பெல்ட்டையே மறுபடி போடுவதாக இருந்தால் அது முன்பு ஓடிய திசையிலேயே ஓட வேண்டும், கழற்றும் முன்பே அம்பு போட்டிருக்க வேண்டும்.

இனி கிராங்க்கைக் கடிகாரத் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். சீராக, நிற்காமல். குறி வரும்போது நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பாதீர்கள். பின்னுக்குத் திருப்பிய அந்த ஒரு கணத்தில் இழுபக்கம் தொய்வுப் பக்கமாகிவிடும், செய்ததெல்லாம் வீண். இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். டாப் கியரில் போட்டு முன் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறவர்கள் உண்டு. கிராங்க் சுற்றும், ஆனால் நினைத்த இடத்தில் நிற்காது. டென்ஷன் வைக்க அது உதவாது.

இரண்டு சுற்றுக்குப் பின் இரண்டு குறியும் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் ஸ்பிரிங் தன் வேலையை முடித்துவிட்டது. டென்ஷனரை நீங்கள் தொடவே வேண்டாம். முதலில் ஸ்டட் நட், பிறகு போல்ட், இந்த வரிசையில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். போல்ட்டை முதலில் இறுக்கினால் அது சுற்றும் வேகத்தில் டென்ஷனரையும் கூடவே இழுத்துச் சாய்க்கும்.

இந்த இடத்தில்தான் வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் டைட்டா வைச்சிடுங்க, ஊருக்குப் போறோம்" என்பார். டென்ஷனருக்கும் பிளாக்குக்கும் நடுவே கம்பியைக் கொடுத்து நெம்பிக்கொண்டே பூட்டுகிற வழக்கம் இப்படித்தான் வந்தது. ஸ்பிரிங்கின் வலு கம்பெனி கணக்குப் போட்டு வைத்தது. ஸ்பிரிங் போதாது என்று தோன்றினால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், கம்பியை எடுக்காதீர்கள்.

பூட்டிய பின் மறுபடி இரண்டு சுற்று, மறுபடி குறி. பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பார்க்கிற பழைய முறை இருக்கிறது. கால் சுற்றுக்கு, அதாவது 90 டிகிரிக்கு, மேல் எளிதாகத் திரும்பினால் தொய்வு, அதில் பாதிகூடத் திரும்பாவிட்டால் இறுக்கம் என்பார்கள். குத்துமதிப்பான சோதனை அது. பெரிய தவறைக் காட்டிக்கொடுக்கும், சரியென்று சான்றிதழ் தராது. அதை வைத்து டென்ஷன் 'செட்' பண்ண வேண்டாம்.

டேப்பெட்டை மேனுவல் அளவுக்கு ஃபில்லர் கேஜ் வைத்துச் சரிசெய்து, கவர்களை ரப்பர் ஓரத்தோடு முழுசாக மாட்டுங்கள். ஒரு போல்ட்கூடக் குறையக் கூடாது. எலி, உமி, சேறு மூன்றுக்கும் அதுதான் வாசல்.

ஸ்டார்ட் செய்த பிறகு

காது சொல்லும். வேகம் கூடக் கூட 'உய்ங்' என்று கூடிக்கொண்டே போகும் சத்தம் அதிக இறுக்கத்தின் அடையாளம். அப்படியே விட்டால் டென்ஷனர் பேரிங் கிரீஸ் உருகிக் காயும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் கவருக்குள்ளிருந்து 'டப் டப்' என்று அடித்தால் தொய்வு. சந்தேகம் வந்தால் ஃபேன் பெல்ட்டை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிக் கேளுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி டைமிங் பெல்ட் அல்ல, டைனமோவோ வாட்டர் பம்ப்போ. 800-இல் வாட்டர் பம்ப் ஃபேன் பெல்ட்டில் ஓடுவது என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் குறைந்தது, ஐடிலில் ஆடுகிறது என்றால் பல் தள்ளியிருக்கலாம். இங்கே ஒரு திருட்டுத்தனம் நடக்கும். கார்புரேட்டர் 800-இலும் ஓம்னியிலும் டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் பின்முனையில்தான் ஓடுகிறது. கேம் ஒரு பல் பிந்தினால் தீப்பொறியும் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் தீப்பொறி சரியாகிவிடும், வண்டியும் பரவாயில்லை என்று தோன்றும். வால்வு நேரம் மட்டும் தவறியபடியே இருக்கும். பெல்ட் வேலைக்கு முன் நன்றாக ஓடிய வண்டியில் வேலைக்குப் பின் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டி வந்தால், திருப்பாதீர்கள். கவரைத் திறந்து குறியைப் பாருங்கள். கேம் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் இந்த மறைப்பு எடுபடாது. செக் என்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0016 என்று கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற பிழைக் குறியீடு வரும்.

மற்ற டென்ஷனர்கள்

டஸ்டர் 1.5 டீசல் போன்றவற்றில் ஸ்பிரிங் வெளியே தெரியாது. நடுவில் ஹெக்ஸ் ஓட்டை உள்ள, மையம் விலகிய டென்ஷனர், கூடவே ஒரு முள். ஹெக்ஸ் சாவியால் திருப்பி முள்ளை வெட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஹெக்ஸ் சாவியை விட்டால் முள் நகர்ந்துவிடும், ஒரு கையால் பிடித்தே இறுக்குங்கள். பிறகு இரண்டு சுற்று, முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று மறுபடி பார்த்தல். திருப்ப வேண்டிய திசை என்ஜினுக்கு என்ஜின் மாறும், மேனுவல் இல்லாமல் தொடாதீர்கள். இவற்றில் கேமையும் கிராங்க்கையும் அசையாமல் பிடிக்கும் பின் போட்டுப் பூட்டித்தான் வேலை. 'சுமாராக நேராக இருக்கிறது' என்பது இங்கே செல்லாது. சில என்ஜின்களில் கிராங்க் புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டையே கிடையாது, நடு போல்ட்டைத் தளர்த்தினால் புல்லி இஷ்டத்துக்குச் சுற்றும். டஸ்டர் 1.5 டீசலில் வாட்டர் பம்ப்பும் டைமிங் பெல்ட்டிலேயே ஓடுவதால் பம்ப்பைக் கூடவே மாற்றிவிடுவதுதான் புத்தி.

இன்னோவா 2.5 டீசலில் ஹைட்ராலிக் டென்ஷனர். வைப்பதற்கென்று டென்ஷன் எதுவும் இல்லை. தண்டை வைஸில் வைத்து மிக மெதுவாக அமுக்கி, ஓட்டையில் பின் போட்டு, பொருத்தி முடித்ததும் பின்னை உருவ வேண்டும். வேகமாக அமுக்கினால் உள்சீல் போகும். ஆயில் கசிந்த தடம் இருந்தால் புதிது போடுங்கள். டாக்சி இன்னோவாக்களில் டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரிந்தால் அதை ரீசெட் மட்டும் செய்து விற்பவர்கள் உண்டு. வாங்குகிறவர் கவரைத் திறந்து பார்க்கட்டும்.

டீசல் என்ஜின் எதுவானாலும் பெல்ட் அறுந்தாலோ பல பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் மோதும். கம்ப்ரஷன் அதிகம் என்பதால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வால்வு தப்பிக்க இடமே இருக்காது. வழியில் நின்ற டீசல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். வளையாமல் மிச்சமிருக்கும் வால்வும் வளையும்.

எப்போது மாற்றுவது

மேனுவலில் உள்ள கிலோமீட்டர் ஒன்று, ஆண்டு ஒன்று. எது முந்துகிறதோ அதுவே கணக்கு. பெரும்பாலான பெல்ட்டுகளுக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை சொல்வார்கள். ஆனால் டெல்டாவில் பல வண்டிகள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வருபவை, வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. அவற்றுக்கு ஆண்டுதான் கணக்கு. ஐந்து வருடம் ஆன பெல்ட் பதினைந்தாயிரம்தான் ஓடியிருந்தாலும் ரப்பர் காய்ந்திருக்கும். பின்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். தடம் விழாமல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் அது முடிந்த பெல்ட். மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் கவரின் மேலேயே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள், புத்தகம் தொலையும், கவர் தொலையாது.

கழற்றிய பெல்ட்டை 'ஸ்பேருக்கு இருக்கட்டும்' என்று டிக்கியில் போடாமல் அங்கேயே இரண்டாக வெட்டுங்கள். முழுசாகக் கிடந்தால் என்றைக்காவது ஒரு அவசரத்தில் யாராவது அதை மறுபடி மாட்டுவார்கள். வெட்டிய துண்டு சைக்கிள் கேரியரில் வைக்கோல் கட்டுக் கட்ட நன்றாக உதவும்.